முதற் குருதியாளர் நல்லரத்தினம்

"ராவைக்கு ஏழு மணிக்குப் பிறகு ஏதும் சாப்பிட்டீங்களா ஐயா?"

"இல்ல மிஸ்."

"பிளேன்டி, தேத்தண்ணி?"

"இல்ல."

"வெத்தில?"

நல்லரத்தினம் மனைவியைப் பார்த்தார். கண்ணகைதான் பதில் சொன்னாள். "வெத்திலயும் இல்ல மகள். பெட்டியையே நான் எடுத்து ஒளிச்சிட்டன்."

"அப்ப எல்லாம் சரி," என்றாள் தாதி பஹீமா. "ஆனா ரெத்தம் எடுக்க ஏலா."

காலை ஆறரை மணி. வாவிக்கரையில் இருக்கிற ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். பேர் சொன்னால் அந்தப் பேருக்கும் ஒரு விழா வைத்துவிடுவார்கள்.

நல்லரத்தினம் பெரியகல்லாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். அறுபத்துநாலு வயது, வாவியில் மீன்பிடி. இரண்டு கண்ணிலும் வெண்படலம். போன மாதம் வலையின் மிதப்புக் கட்டை என்று நினைத்து ஒரு நீர்க்காகத்தின் கழுத்தைப் பிடித்தார். அதற்கு முதல் மாதம் மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடவேண்டிய மோதிரத்தை வீடியோக்காரனுக்குப் போட்டார். மாப்பிள்ளை நிலோஜன் நல்ல பிள்ளை, கோபிக்கவில்லை. ஆனால் ஒரு சொல் சொல்லிவிட்டான். "இந்த முறை கண் சரிவரல்லயெண்டா தோணிய வித்திருவம் மாமா."

அந்தத் தோணிக்காகத்தான் இவ்வளவும். கொழும்பிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பெரிய கண் டொக்டர் இன்றைக்கு வருகிறார். இரண்டு மணிக்கு ஒப்பரேசன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, சீனி பார்த்து, அந்த ரிப்போட்டைப் பன்னிரண்டு மணிக்கு முதல் கண் வாட்டில் கொடுத்தால் பேர் பட்டியலில் இருக்கும். கொடுக்காவிட்டால் அடுத்த முறை ஐப்பசியில். ஐப்பசிவரைக்கும் தோணி இருக்காது.

"ஏன் மகள் எடுக்க ஏலா? ஊசி கையிலதானே இரிக்கி?" என்றாள் கண்ணகை.

"ஊசி இரிக்கி அம்மா. ரெத்தம் எடுக்கிற பழைய அறைய நேத்தோட மூடிட்டாங்க. புது அறைய இண்டைக்குத்தான் திறக்கிற. அதுவரைக்கும் நான் ஊசியோட சும்மா நிக்கிற."

"அந்தா ஒரு கதிர கிடக்குதே? அதில வச்சு எடுங்களன்."

"அந்தக் கதிரயில ஆளே இருக்க ஏலா. கழிவுப் பொருளெண்டு இலக்கம் போட்டாச்சு."

இந்த இடத்தில்தான் றிப்ஷான் வந்தார். முகாமைத்துவ உதவியாளர். கழுத்துப்பட்டி கட்டி, கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்து வந்தார்.

"பிரச்சினை என்ன?"

"இந்த ஐயாவுக்குப் பன்னிரண்டுக்குள்ள ரிப்போட் வேணும் சேர்."

"அம்மா, விளங்கப்படுத்துறன், கேளுங்க." றிப்ஷான் கோப்பைத் திறந்தார். "பழைய முறை நேத்து முடிவுக்கு வந்திட்டுது. புது முறை இண்டைக்கு ஒன்பது அம்பத்திரண்டு சுபநேரத்தில தொடங்குது. இடையில இந்த ஆஸ்பத்திரியில ரெத்தம் எடுக்க எந்த முறையும் இல்ல. முறையில்லாம எடுத்தா அது முறைகேடு."

அந்த நேரம் பார்த்து ஒருவர் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். காலில் மட்டி ஓடு வெட்டி, நடந்த வழியெல்லாம் இரத்தம். கண்ணகை விரலை நீட்டினாள்.

"அப்ப அது?"

றிப்ஷான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது தானா வாறது. சுற்றறிக்கை நாங்க எடுக்கிற ரெத்தத்துக்கு மட்டும்."

பஹீமாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "சேர், திறப்பு விழாவுக்கு முதலாவது நோயாளி ஒராள் வேணுமெண்டு சொன்னீங்கதானே? இந்த ஐயாட கையப் பாருங்க. நாப்பது வருசம் தோணித் தண்டு வலிச்ச கை. நரம்பு கயிறு மாதிரி."

றிப்ஷான் பார்த்தார். ஒரு விரலால் அமத்தியும் பார்த்தார். படம் எடுக்க நல்ல கை.

"சரி. இவர்தான் முதற் குருதியாளர்."

"என்னவாம்?" என்றார் நல்லரத்தினம்.

"உங்கட ரெத்தத்த மாலை போட்டு எடுக்கப் போறாங்களாம்," என்றாள் கண்ணகை. "பேசாம இருங்க."

ஏழு மணிக்கு ஒத்திகை தொடங்கிற்று. நல்லரத்தினத்தின் தோளில் ஒரு மஞ்சள் பட்டி மாட்டினார்கள். அதில் 'முதற் குருதியாளர்' என்று வெள்ளி எழுத்து. கையை எப்படி நீட்டுவது, நீட்டும்போது எந்தப் பக்கம் சிரிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

"பிரதம விருந்தினர் உங்களிட்ட ஒரு கேள்வி கேப்பார். வலிக்கிறதா எண்டு. நீங்க என்ன சொல்லணும்?" என்றார் றிப்ஷான்.

"குத்தினா வலிக்கும்தானே, மகன்."

"அப்பிடிச் சொல்ல ஒண்ணா. 'இச்சேவையினால் எனக்கு எவ்வித வலியும் உணரப்படவில்லை.' எங்க, சொல்லுங்க."

பதினைந்து தரம் சொன்னார். பதினாறாம் தரம் பிழையில்லாமல் வந்தது.

எட்டரைக்கு மேசை வைத்தார்கள். பாற்சோறு வந்தது. கட்டைச்சம்பல் வந்தது. ரோல்ஸ், வாழைப்பழம், கொக்கிஸ் எல்லாம் ஒரு பக்கத்தால் வந்துகொண்டே இருந்தன. நல்லரத்தினத்துக்குக் கண் தெரியாவிட்டாலும் மூக்கு நல்லாத் தெரியும். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என்னென்ன இருக்கிறது என்று இருந்த இடத்தில் இருந்தே மனைவிக்குச் சொன்னார்.

"வாய மூடுங்க. எச்சில் விழுங்கினாலும் சீனி கூடுமோ தெரியா," என்றாள் கண்ணகை.

ஒன்பது ஐம்பத்திரண்டு வந்தது. பிரதம விருந்தினர் வரவில்லை.

றிப்ஷான் ஒரு வாங்கைப் போட்டு ஏறிச் சுவர் மணிக்கூட்டின் பற்றரியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"என்ன மகன் செய்யிறீங்க?"

"சுபநேரத்த நிப்பாட்டியாச்சு அம்மா. கௌரவ விருந்தினர் வாறவரைக்கும் அது நிக்கும்."

கண்ணகை தன் போனை எடுத்துப் பார்த்தாள். பத்து மணி. திரும்பப் பார்த்தாள். பத்தே முக்கால்.

"மகன், பதினொண்டு ஆகப் போகுது."

"ஆஸ்பத்திரிக்குள்ள ஒன்பது அம்பத்திரண்டு அம்மா. வெளியில எத்தின மணி எண்டு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப கண் வாட்டிலயும் ஒன்பது அம்பத்திரண்டா?"

"அது வேற பிரிவு. அங்க நேரம் போகும்."

பதினொன்று பத்துக்கு வாகனம் வந்தது. கதவில் சிவப்பு நாடா கட்டி, பூரண கும்பம் வைத்து, குரவையிடப் பத்துப் பெண்களை நிறுத்தியிருந்தது முன்வாசலில். வாகனச் சாரதி நிழல் பார்த்துப் பின்வாசலில் நிறுத்தினான். நாளக் குருதித் தர மேம்பாட்டுப் பேரவையின் தலைவர், கௌரவ வினாயகமூர்த்தி அவர்கள், சமையலறை வழியாக உள்ளே வந்து, ஒரு ரோல்ஸை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மேடையில் உட்கார்ந்தார். முன்வாசலில் பெண்கள், மருந்து கொண்டுவந்த யாரோ ஒருவருக்குக் குரவையிட்டார்கள்.

பணிப்பாளர் டொக்டர் சிவதர்ஷன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்தவர்களே! இவ்வைத்தியசாலையில் இதுவரை காலமும் குருதி எவ்வாறு எடுக்கப்பட்டது? ஒரு நோயாளி வருவார். ஒரு தாதி எடுப்பார். நோயாளி போய்விடுவார். இரண்டு நிமிடம்! இடையில் என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. பணிப்பாளராகிய எனக்கே தெரியாது. எந்தவொரு கூட்டமும் இல்லாமல் குருதி எடுக்கப்பட்ட அந்த இருண்ட காலம் இன்றுடன் முடிகிறது!"

கை தட்டினார்கள்.

"இன்று எம்மிடம் பதினொரு உபகுழுக்கள் உள்ளன. நாற்பத்திரண்டு படிமுறைகள் உள்ளன. ஊசி ஏற்றுவது முப்பத்தொன்பதாவது படிமுறை. நோயாளர்களின் முறைப்பாடுகள் அனைத்தும் அந்த ஒரு படிமுறையில்தான் வருகின்றன என்று கண்டறிந்துள்ளோம். ஆகவே அதை நீக்கிவிடலாமா என்று ஒரு உபகுழு ஆராய்ந்து வருகிறது."

"நல்ல முடிவு," என்றார் வினாயகமூர்த்தி அவர்கள், ஒலிவாங்கி இல்லாமலே.

பிறகு அவர் எழுந்தார்.

"இருபத்தாறு ஆண்டுகளாக நான் நோயாளர்களுக்காக உழைத்து வருகிறேன். ஆனால் ஒருவரையாவது நேரில் காணும் பாக்கியம் இன்றுவரை கிட்டவில்லை. கூட்டங்கள் அப்படி. இன்று இந்த…" கையிலிருந்த தாளைப் பார்த்தார். தாளில் பேர் இல்லை. "இந்த முதற் குருதியாளரைக் கண்டதில் பெருமகிழ்ச்சி. இவரைப் போன்றவர்கள் நோயுறாவிட்டால் எமக்குக் கூட்டமே இல்லை. ஐயா, காலையில் சாப்பிட்டீர்களா?"

நல்லரத்தினம் எழுந்து நின்றார். கேள்வி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"இச்சேவையினால் எனக்கு எவ்வித வலியும் உணரப்படவில்லை!"

மண்டபம் முழுவதும் கை தட்டிற்று. வினாயகமூர்த்தி அவர்கள் கண் கலங்கினார்.

கண்ணகை போனைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தெட்டு.

"மகள்," என்று பஹீமாவின் காதுக்குள் சொன்னாள், "நான் இப்ப இந்தப் பாற்சோத்துத் தட்டத் தூக்கி அந்தாள்ட தலையில கவுக்கப் போறன்."

"பொறுங்க அம்மா, முப்பத்தாறாவது படிக்கு வந்தாச்சு."

நல்லரத்தினத்தைப் புதுக் கதிரையில் இருத்தினார்கள். பஹீமா முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டியைக் கட்டினாள். நரம்பு எழும்பி நின்றது. பஞ்சால் துடைத்தாள். ஊசியை எடுத்தாள்.

"நில்லுங்க!" என்றார் றிப்ஷான். "நாடா வெட்டல்லயே!"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உண்மைதான். நாடா முன்வாசலில், விருந்தினர் வந்தது பின்வாசலால். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது விடயம் நாடா வெட்டுதல். வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் ஏற்கெனவே வந்துவிட்டது. வினாயகமூர்த்தி அவர்கள் அதைக் கையில் எடுத்தும் விட்டார். எடுத்த கத்தரிக்கோலை வெட்டாமல் வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எதிரே நல்லரத்தினத்தின் கையில் ரப்பர் பட்டி கட்டியிருந்தது.

வெட்டினார்.

கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். நரம்பு போன இடம் தெரியவில்லை.

"சேர், அது நரம்புக்குக் கட்டினது," என்றாள் பஹீமா.

"வேறொன்று கட்டுங்கள்."

"இரிந்தது அது ஒண்டுதான். மிச்சம் ஸ்டோரில. ஸ்டோர்க் கீப்பர் இஞ்ச மேடையில இரிக்கார். பன்னீர் தெளிக்கிறதுக்கு அவர்தான் பொறுப்பு."

றிப்ஷான் ஓடிப்போய் முன்வாசலில் இருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்து வந்தார். பஹீமா அதைக் கட்டினாள். நரம்பு எழும்பிற்று. ஆனால் வினாயகமூர்த்தி அவர்களின் கையில் இன்னும் கத்தரிக்கோல் இருந்தது. எதிரே இப்போது உண்மையான சிவப்பு நாடாவே இருந்தது.

வெட்டினார்.

இரண்டாம் தரமும் கை தட்டினார்கள்.

கண்ணகை எழுந்து போனாள். ஒரு சொல்லும் சொல்லாமல் பிரதம விருந்தினரின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கித் தன் பைக்குள் போட்டு, பையைக் கதிரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா?" என்று வினாயகமூர்த்தி அவர்கள் பணிப்பாளரிடம் கேட்டார்.

"பார்த்துச் சொல்கிறேன், சேர்."

"சேர்," என்றாள் பஹீமா, குரலை இனிமையாக்கி, "உங்கட கழுத்துப்பட்டியத் தாங்களன்."

"என்னுடையதா?"

"ஓம் சேர். நீங்களே கட்டின மாதிரி இரிக்கும். படமும் வடிவா வரும்."

படம் என்றதும் மறுக்க முடியவில்லை. கழற்றப் போனார். முடிச்சு இறுகிக் கிடந்தது. காலையில் மனைவி கட்டியது, அவிழ்க்கும் வழி அவருக்குத் தெரியாது. நேரம் போகிறதே என்று பஹீமா, அது கழுத்தில் கிடந்தபடியே, தொங்கிய முனையை இழுத்து நல்லரத்தினத்தின் கையைச் சுற்றி ஒரு இறுக்கு இறுக்கினாள். வினாயகமூர்த்தி அவர்களின் தலை கூடவே வந்து நல்லரத்தினத்தின் தோளில் நின்றது. நரம்பு எழும்பிற்று. விருந்தினரின் நெற்றியிலும் ஒன்று எழும்பிற்று.

"வலிக்கிறதா?" என்று கேட்டார், மூச்சுக்கிடையில்.

"எனக்கில்ல சேர். உங்களுக்கு?" என்றார் நல்லரத்தினம்.

ஊசி ஏறிற்று. இரத்தம் குப்பிக்குள் வந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். பஹீமா பட்டியைத் தளர்த்தினாள், இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. மறுநாள் பேரவையின் முகநூலில் அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: 'நோயாளியின் தோளில் தலைசாய்த்து ஆறுதல் கூறும் தலைவர்.'

பதினொன்று நாற்பத்திரண்டு.

"பேர் எழுதி ஒட்டிட்டு ஓடுறன்," என்றாள் பஹீமா.

"ஒட்டியாச்சு," என்றார் றிப்ஷான்.

பார்த்தாள். பொன்னிறத் துண்டு ஒன்று, முதல் நாளே அச்சடித்தது, குப்பியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது. 'இக்குருதி கௌரவ வினாயகமூர்த்தி அவர்களினால் சுபநேரத்தில் திறந்து வைக்கப்பட்டது.' இந்த ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் குழாயிலும் அப்படி ஒரு துண்டு உண்டு, மலசலகூடத்திலும் உண்டு. திறந்து வைத்தவர் பேர் இல்லாத பொருள் எதுவும் இங்கே கிடையாது. அதனால் இது ஒருவருக்கும் பிழையாகத் தெரியவில்லை.

"ஐயாட பேர எங்க ஒட்டுற?"

"இடமில்ல மிஸ். மூடியில ஒட்டினா பணிப்பாளர்ட பேர் மறையும்."

அதற்குமேல் நின்று கதைக்க நேரம் இல்லை. பஹீமா குப்பியோடு லேப்புக்கு ஓடினாள். பின்னால், விழாவுக்குப் பிடித்திருந்த மேளக்காரரும் ஓடினார்கள். ஊர்வலம் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள், வேகம் சொல்லியிருக்கவில்லை.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்க ரிப்போட் வந்தது. சீனி தொண்ணூற்றுநாலு. கண்ணகை அதைப் பறித்துக்கொண்டு, கணவனை மறுகையில் பிடித்துக்கொண்டு, படிகளில் ஏறிக் கண் வாட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மேசையில் தனுஷியா என்று ஒரு தாதி.

"பேர்?"

"நல்லரத்தினம்."

"நல்லரத்தினத்துக்கு ரிப்போட் இல்லயே. இது வினாயகமூர்த்திட ரிப்போட்."

"அது திறந்து வச்சவர்ர பேர், மகள். ரெத்தம் இவர்ர."

"இதில பேர் வினாயகமூர்த்தி எண்டுதான் கிடக்கு."

"கிளினிக் கொப்பியப் பாருங்க. நல்லரத்தினம் எண்டு போட்டிரிக்கி."

தனுஷியா கொப்பியைப் பார்த்தாள். ரிப்போட்டைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெரிய தாதியிடம் காட்டினாள். திரும்பி வந்து சிவப்புப் பேனையை எடுத்தாள்.

"ரிப்போட்டில பிழை வராது அம்மா. இண்டைக்குத்தான் அந்தப் பிரிவுக்குத் தரச்சான்றிதழ் குடுத்தவங்க. நாப்பத்திரண்டு படி தாண்டி வந்தது. பிழை உங்கட கொப்பியிலதான்." நல்லரத்தினம் என்ற பேரை ஒரு கோடு போட்டு வெட்டினாள். மேலே 'வினாயகமூர்த்தி' என்று எழுதி முத்திரை குத்தினாள். "இனிச் சரி. இதில கையெழுத்து வைங்க சேர்."

'சேர்' யார் என்று நல்லரத்தினம் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"கண்ணகை, என்ட பேர வெட்டிட்டாங்களே. இது சரிவராது. அப்பு வச்ச பேர்."

"இஞ்சருங்க. உங்களுக்குப் பேர் வேணுமா, தோணி வேணுமா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுவரில் மணிக்கூடு இருந்தது, இது ஓடுகிற மணிக்கூடு. அது அவருக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

"பேனையத் தாங்க," என்றார்.

"தொழில்?" என்று கேட்டாள் தனுஷியா.

"மீன்…"

"பேரவைத் தலைவர்," என்றாள் கண்ணகை.

"அப்ப ஏன் சேர் சாரத்தோட?"

"லீவு போட்டிரிக்கார்."

தலைவர் என்றபடியால் பட்டியலில் பதின்மூன்றாவதாக இருந்தவரை முதலாவதாகப் போட்டார்கள். இரண்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். கண் டொக்டர் பேரைக் கேட்கவில்லை, கண்ணைப் பார்த்தார். கொப்பியில் எழுதியிருந்த அதே வலது கண், அதே படலம். முப்பது நிமிடத்தில் முடித்துவிட்டார். அங்கே ஒருவரும் கை தட்டவில்லை.

மறுநாள் காலை டொக்டர் கட்டை அவிழ்த்தார்.

"என்ன தெரியுது ஐயா?"

நல்லரத்தினம் தலையைத் திருப்பினார். யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். கண்ணகை அவர் தோளை உலுக்கினாள்.

"என்னங்க, தெரியுதா இல்லயா?"

"பாலத்துக்கு அங்கால மூணு தோணி நிக்கிது. நடுத் தோணியில இரிக்கவன் வலைய மாறி இழுக்கான். மடையன்."

கண்ணகை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். டொக்டர் சிரித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் போகவும் றிப்ஷான் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னால் படம் எடுப்பவர்.

"ஐயோ! அவிழ்த்திட்டாங்களா? ஆர் அவிழ்க்கச் சொன்ன? முதற் குருதியாளர்ட கட்டவிழ்ப்பு வைபவம் நாளைண்டைக்கு! கௌரவ வினாயகமூர்த்தி அவர்கள் தன்ட கையால அவிழ்க்கிறதா ஏற்பாடு. திரும்பக் கட்டுங்க! ரெண்டு நாள்தானே, கட்டோட இரிங்க."

கண்ணகை பைக்குள் கையை விட்டாள். கத்தரிக்கோல் இன்னும் அங்கேதான் இருந்தது. ஆனால் நல்லரத்தினம் அவளைத் தடுத்தார். கட்டிலிலிருந்து இறங்கினார். சாரத்தை ஒரு தரம் உதறி இறுக்கிக் கட்டினார். தலைமாட்டில் இருந்த கிளினிக் கொப்பியை எடுத்து றிப்ஷானின் கையில் கொடுத்தார்.

"வாசி மகன்."

"வினாயகமூர்த்தி," என்று வாசித்தார் றிப்ஷான். "தொழில், பேரவைத் தலைவர்."

"முத்திரை?"

"இரிக்கி."

"கையெழுத்து?"

"இரிக்கி."

"அது நான்தான். கட்ட என்ட முன்னிலையிலதான் அவிழ்த்த. வைபவம் சிறப்பா நடந்திச்சு. நான் போய்த் தொழிலப் பாக்கணும்."

றிப்ஷான் கொப்பியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. படம் எடுப்பவரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார்.

நல்லரத்தினம் ஒருவர் கையையும் பிடிக்காமல் வாட்டைக் கடந்து போனார். கண்ணகை பின்னால் போனாள். வேறு வழி தெரியாமல், றிப்ஷான் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கை தட்டினார்.